அந்த ஒரு வரியை எடுங்க சார்!

சி++ கம்பைலர் திட்டுவதில் ஒரு விசேஷம் உண்டு. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடும். அப்புறம் மூச்சுவிடாமல் பக்கம் பக்கமாகப் புலம்பும். நம் கண்ணில் படுவதோ கடைசியில் நிற்கும் 'மேக்: எரர் 2' மட்டும்தான். "பில்ட் ஆகல, யாராவது பாருங்க" என்று டீம் குரூப்பில் வந்து விழும் ஸ்க்ரீன்ஷாட்டிலும் தவறாமல் அதுவே இருக்கும். பொறுமையாக மேலே ஏறிப் போனால், பிசிஎல்லுக்கு சி++14 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கம்பைலர் மரியாதையாகச் சொல்லியிருப்பது தெரியும்.

பிசிஎல் ரோபோக்காரர்களின் லைப்ரரி. லேசர் ஸ்கேனர் கொட்டும் புள்ளிகளைக் கட்டி மேய்ப்பது அதன் வேலை. 2020இல் வந்த 1.10 பதிப்பு, சி++14க்குக் கீழே இறங்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. உபுண்டு 20.04 கொடுப்பதும் அதே பதிப்பைத்தான்.

"கம்பைலர் பழசு போல சார், புதுசு போட்டுடலாமா?" என்றான் எங்கள் ஜூனியர். எரர் வந்தால் எதையாவது இன்ஸ்டால் செய்யாமல் இந்தத் தலைமுறைக்குக் கை நிற்காது. கம்பைலர் பாவம், ஜிசிசி 9. அதன் போக்கில் விட்டால் அது சி++14தான் பேசும். ஜிசிசி 6 காலத்திலிருந்தே அப்படித்தான். பின்னே அதன் வாயைக் கட்டியது யார்? சிமேக் பைலைத் திறந்தோம். 'சி++11இல் கம்பைல் செய்' என்று ஒரு வரி. பக்கத்திலேயே கமெண்ட்: 'ப்ளீஸ் டோன்ட் ரிமூவ்'.

எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. உபுண்டு 14.04இல் இருந்த ஜிசிசி 4.8, நாமாகச் சொன்னாலொழிய சி++98ஐத் தாண்டாது. அதை முன்னே தள்ளத்தான் அந்த வரியைப் போட்டார். கம்பைலர் வளர்ந்துவிட்டது, அன்று தள்ளிய வரி இன்று பின்னால் இழுக்கிறது.

"எடுத்துடு" என்றேன். ஜூனியர் கமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எழுதினவர் இப்ப எந்தக் கம்பெனியில இருக்கார்னு தெரிஞ்சா, ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே சார்?"

எடுத்தோம். பில்ட் ஆனது.

இந்த ஜோரில் நேராக 17க்கே தாவலாம் என்று தோன்றும். தாவுங்கள். ஆனால், 'பைட்' என்று சொந்தமாக ஒரு டைப் செய்துவைத்து, மேலே 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி'யும் போட்ட புண்ணியவான் எல்லா ப்ராஜெக்ட்டிலும் ஒருவர் இருப்பார். சி++17இல் ஸ்டாண்டர்ட் லைப்ரரியே ஒரு பைட் கொண்டுவந்துவிட்டது. எந்த பைட் என்று கம்பைலர் கேட்கும். நியாயமான கேள்விதான்.

சிமேக் எழுதும் புண்ணியவான்களே, 'இதுதான் வேண்டும்' என்று ஸ்டாண்டர்டை ஆணியடிக்காதீர்கள். டார்கெட் கம்பைல் ஃபீச்சர்ஸ் போட்டு 'குறைந்தபட்சம் இது' என்று சொல்லுங்கள். எடுக்காதே என்று கமெண்ட் போடுவதானால், எந்தக் கம்பைலருக்காக என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு வேலையை விடுங்கள்.