முந்தி ஓடினால் மெட்ரோ

சாலை ஓட்டத்தில் முதலில் ஓடுபவருக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. பார்த்து ஓட முன்னால் ஆள் கிடையாது. வழிகாட்டி வண்டி மட்டும்தான். நடுவில் மூச்சிரைக்க வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, முன்னால் ஆயிரம் முதுகுகள் தெரியும்.

2015 அக்டோபரில் பெங்களூரு மாரத்தானின் அரை மாரத்தான் பிரிவில் முன்னணியில் ஓடிய இந்திய வீரர்கள், வழிகாட்டி வண்டியை நம்பித் தடம் மாறினார்கள். சுமார் நான்கு கிலோமீட்டர் கூடுதலாக ஓடிய பிறகுதான் சங்கதி புரிந்தது. ஓட்ட அரைக்கால்சட்டையில் பர்ஸ் ஏது? கடன் வாங்கி, மெட்ரோ ரயிலேறித் திரும்பினார்கள். 2017இல் வெனிஸ் மாரத்தானிலும் முன்னணியினர் மோட்டார் சைக்கிளின் பின்னால் போய் வழி தவற, பின்னால் வந்த இத்தாலிய வீரர் எயோப் ஃபானியல் உள்ளூர்க்காரர்கள் கொண்டாட வென்றார்.

பாதையை விட்டு விலகித் தூரத்தைக் குறைத்தால் தகுதி நீக்கம் என்கிறது விதி. கூட்டி ஓடியவருக்குத் தண்டனை இல்லை. அதைக் கால்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. பாதையை அளப்பது, குறியிடுவது, திருப்பங்களில் ஆள் நிறுத்துவது எல்லாம் அமைப்பாளர் வேலை. ஆனாலும் ‘பாதையை அறிந்திருப்பது ஓட்டக்காரர் பொறுப்பு’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிடும் சாமர்த்தியம் பல போட்டிகளுக்கு உண்டு.

சங்கரன்கோவிலில் தேர் ரதவீதி முனையில் முட்டினால், தேரைத் திருப்பச் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போட்டவரைத்தான் கேட்பார்கள். வடம் பிடித்தவரை அல்ல. ஓட்டத்திலும் வழிகாட்டி வண்டியை அனுப்பிய அமைப்பாளரே பொறுப்பு. பரிசுப் பணத்தோடு மெட்ரோ டிக்கெட் காசையும் அவர்தான் தர வேண்டும்.