படியேறும்போது இறுகும் நெஞ்சு

கேள்வி: வெள்ளவத்தை அடுக்குமாடியில் படியேறும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் அது வாயுதானே?

பதில்: வாயு படிகளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. உழைப்பின்போது தோன்றிச் சில நிமிட ஓய்வில் தணியும் இறுக்கத்தை, 1768இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் விவரித்த 'அன்ஜைனா' என்றே முதலில் ஐயுற வேண்டும். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகள் கொழுப்புப் படிவால் ஒடுங்கும்போது, ஓய்வில் போதுமாயிருந்த ஒட்சிசன் உழைப்பின்போது போதாமற்போவதே இதன் காரணம். பலர் இதை வலி என்றுகூடச் சொல்வதில்லை. பாரம், நெரிப்பு, எரிவு என்றே உணர்வர். அது இடக்கை, கழுத்து, தாடை வரை பரவலாம். பெண்களிடமும் நீரிழிவு உள்ளோரிடமும் வெறும் மூச்சுத்திணறலாகவோ களைப்பாகவோ வெளிப்படலாம் என்பதால், வெள்ளவத்தையாயினும் கொட்டாஞ்சேனையாயினும், இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் உண்மையிலேயே ஆபத்தானது. ஓய்வில் எடுத்த ஈசீஜி சீராக இருப்பதும் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. குருதியோட்டக் குறை உழைப்பின்போதே வெளிப்படுவதால், நடக்கவைத்து எடுக்கும் ஈசீஜி போன்ற சோதனைகளை வைத்தியர் கேட்கக்கூடும். படியேறும்போது வருவதை அடுத்த சில நாட்களுக்குள் வைத்தியரிடம் காட்டுக. ஓய்விலும் வருவது, முன்னையதைவிடக் கடுமையாவது, வியர்வையுடன் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பது ஆகியன மாரடைப்பாக இருக்கலாம். அப்போது முச்சக்கரவண்டி தேடாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.