ஹாட்ஸ்பாட் சார்

அநேகமாக எல்லா அரசுப் பள்ளியிலும் இவர் ஒருவர் இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்டிரைவ் இருக்கும். தோள்பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், புளூடூத் ஸ்பீக்கர், எதற்கென்று தெரியாத நாலு ஒயர். பள்ளியில் நெட் இழுக்காது என்பதால் சொந்த போனின் டேட்டாவில்தான் வகுப்பு நடக்கும். ரீசார்ஜ் செலவுக்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக் கணக்கு.

2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகி வந்தபோது, மற்றவர்கள் அதை ஒரு கறுப்புக் கட்டமாகப் பார்த்தார்கள். இவர் தரிசனம் கண்டார். பழக்கதோஷத்தில் டீக்கடைக் கோடையும் ஸ்கேன் செய்துவிட்டுப் பாடம் ஓடக் காத்திருந்தார் என்று ஸ்டாஃப் ரூமில் உலவும் கதையை நான் நம்பவில்லை. முழுதாக நம்பவில்லை.

"இன்னும் அஞ்சே வருஷம் சார், கரும்பலகை மியூசியத்துக்குப் போயிடும்" என்பார். கல்வித் தொலைக்காட்சி வந்தபோதும் இதைத்தான் சொன்னார், ஸ்மார்ட் போர்டு வந்தபோதும், இப்போது ஏ.ஐ. வந்த பிறகும். அந்த அஞ்சு வருஷம் மட்டும் குறைவதே இல்லை. பள்ளிகளில் புத்தகத்துக்கு இனி வேலையில்லை, சினிமாவே பாடம் நடத்தும் என்று 1913லேயே ஆரூடம் சொன்ன எடிசனின் பரம்பரை அல்லவா!

தாளவாடி மலைப்பக்கம் இவருடைய ஜாதிக்காரர் ஒருவர் (தொழில்நுட்ப ஜாதியைச் சொல்கிறேன்) கைப்பேசிக் கேமரா வழியே முப்பரிமாண யானையொன்றை வகுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினாராம். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள் என்று எதிர்பார்த்தார். கடைசி பெஞ்சுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், நேத்து ராத்திரி எங்க மக்காச்சோளத்துல பூந்தது இதைவிடப் பெருசு."

சிரிக்கலாம்தான். ஆனால் இவர் இல்லாத பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே புரொஜெக்டர் உறை பிரியாமல் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். உடைந்தால் யார் கட்டுவது? ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறதா, அது போதும். பூட்டின் சாவியைக் கேட்டு வாங்கி, பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுக்கிற தைரியம் இவருக்குத்தான் உண்டு.

அந்தத் தைரியத்துக்குக் கிடைத்த பரிசுதான் கொடுமை. கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த நாளிலிருந்து எமிஸ் வேலை, அதாவது மாணவர் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றும் வேலை, முழுக்க இவர் தலையில். "சார், லாகின் ஆக மாட்டேங்குது." "சார், ஓ.டி.பி. கேட்டா அப்பாம்மா போனை வச்சிடறாங்க." "சார், ஆறாம் வகுப்பு ஷூ சைஸ் இன்னிக்கே ஏத்தணுமாம்." தொழில்நுட்பத்தால் ஆசிரியரின் நேரம் மிச்சமாகும் என்று பயிற்சி வகுப்பில் மேடையேறிப் பேசியவரும் இவரேதான். மிச்சமான நேரத்தையெல்லாம் இப்போது ஹெச்.எம். அறையில் கம்ப்யூட்டர் முன் செலவழிக்கிறார்.

தலைமையாசிரியர்களே, மூன்றாவது பீரியடுக்காவது அவரை விடுங்கள். ஏழாம் வகுப்புத் திரையில் ஓர் அமீபா, பாதி பிரிந்த நிலையில் காலையிலிருந்து நிற்கிறது.