இல்லைன்னு நீ நிரூபி

எங்கள் வீட்டில் திருஷ்டி சுற்றுவது அத்தையின் இலாகா. கைப்பிடி கல்லுப்பு, நாலு வரமிளகாய், கொஞ்சம் வாசல் மண். மூன்று சுற்று சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் நெருப்பில் போடுவார். நெடி வரவில்லையென்றால், "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு!" வீடே இருமித் தள்ளினால், "அப்பாடா, கழிஞ்சிருச்சு." மிளகாய் எந்தப் பக்கம் சாட்சி சொன்னாலும் தீர்ப்பு அத்தைக்குத்தான். "எது நடந்தா கண்ணு படலைன்னு ஒத்துக்குவீங்க அத்தை?" என்றேன். "இப்படிக் கேக்குறதே கண்ணு பட்டதாலதான்" என்று இன்னொரு பிடி உப்பு எடுத்தார்.

1919-இல் வியன்னாவில் தத்துவவாதி கார்ல் பாப்பருக்கும் இதே கதிதான். ஒரு குழந்தையின் பிரச்சினையை உளவியலாளர் ஆட்லரிடம் சொன்னார். குழந்தையைப் பார்க்காமலேயே, தாழ்வு மனப்பான்மை என்று விளக்கிவிட்டார் ஆட்லர். எப்படித் தெரியும் என்றால், ஆயிரம் அனுபவமாம். இதோடு ஆயிரத்தொன்றா என்றாராம் பாப்பர். அதே ஆண்டு மே மாதக் கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கணக்கைச் சோதித்தார்கள். சூரியனருகே நட்சத்திர ஒளி இவ்வளவு வளையும் என்று முன்னாலேயே சொல்லி மாட்டிக்கொண்டிருந்தார் மனுஷர். வளையாவிட்டால் கோட்பாடு காலி. இப்படித் தோற்க இடம் வைப்பதுதான் அறிவியல் என்றார் பாப்பர். அத்தை தோற்க இடம் வைக்கிற ஆள் இல்லை.

சித்தப்பா இன்னும் கெட்டி. "போகர் சித்தர் ஆகாய விமானத்துல சீனாவுக்குப் போனவர்டா." ஆதாரம் கேட்டால், "போகலைன்னு நீ நிரூபி." 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 101-ஆவது பிரிவு, சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. 2024-இல் சட்டமே மாறியும் இந்த விதி மாறவில்லை. ஆனால் அது கோர்ட்டு வாசலோடு சரி. எங்கள் வீட்டில் வயதில் சின்னவன்தான் நிரூபிக்க வேண்டும்.

விடாமல் தத்துவவாதி ரஸ்ஸலைத் துணைக்கு அழைத்தேன். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்காத ஒரு பீங்கான் டீ கெட்டில் சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், இல்லையென்று யாரால் நிரூபிக்க முடியும்? 1952-இல் அவர் எழுதியது. சித்தப்பா யோசித்தார். "பீங்கான்னா சீனாச் சரக்கு. போகர் வரும்போது விட்டுட்டு வந்திருப்பார்."

கடைசி அஸ்திரம், ஆபிரகாம் கோவூர். இலங்கையில் வாழ்ந்த இந்தப் பகுத்தறிவாளர், மோசடிக்கு இடமில்லாமல் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை.

"நிஜமான சித்தர் எவனாவது பணத்துக்கு மயங்குவானா?" என்றார் சித்தப்பா.

இதைவிடத் தோற்கடிக்க முடியாத காரணம் உங்கள் வீட்டில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். ஆதாரம் இணைக்க வேண்டாம்.