குழறுவதானால் வகுப்பறையில் குழறட்டும்

கேள்வி: சட்டம் படிக்கிறேன். மாதிரி வழக்காடல் வகுப்பால் நிஜ நீதிமன்றத்தில் பேச வருமா? (ஒரு மாணவி, வெருகல்)

பதில்: வரும். முதல் குழறல் கட்சிக்காரரின் காணியைப் பறிக்காமல், வகுப்பறையோடு போகட்டுமே!

ஆனால் எந்த வகுப்பு என்று பார்க்க வேண்டும். 1960இல் தொடங்கிய ஜெசப் போட்டியில் மாணவர்கள் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிற்பதாகப் பாவித்துச் சட்டத்தை வாதிடுகிறார்கள். அருமையான பயிற்சிதான். சாட்சிக்கூண்டு மட்டும் அங்கே இல்லை. மூதூர் நீதிமன்றத்துக்குப் போகும் சட்டத்தரணிக்கோ சாட்சிதான் பெரும்பாடு. வெருகல் ஆற்றோர வயலில் வரம்பை வெட்டியது யார் என்ற வழக்கை வைத்துக்கொள்வோம். "வெட்டியது இவர்தானே?" என்று தன் சாட்சிக்கே விடையை ஊட்டினால் எதிர்த்தரப்பு எழுந்துவிடும், 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. குறுக்கு விசாரணையிலோ அதே கேள்வி செல்லும். இது வாசித்து வருவதல்ல, கேட்டுக் கேட்டுப் பழகுவது.

அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கும் பாடத்திட்டமும் பக்கத்து நாட்டில் உண்டு. இந்திய பார் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் மாதிரி வழக்காடலுக்கு 30 மதிப்பெண், நிஜ விசாரணையைப் பார்த்துக் குறிப்பெழுத 30, கட்சிக்காரரை நேர்கண்டு வழக்கைத் தயாரிக்க 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. நியாயமான பங்கீடு.

விடுமுறையில் திருகோணமலை நீதிமன்றத்துக்கு ஒரு குறிப்பேட்டோடு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், தங்கையே.