போறணைக்கு இத்தாலியில் ஒரு சகோதரம்

இறைச்சியும் சீஸும் வைத்துச் சுட்டெடுக்கும் இத்தாலிச் சாண்ட்விச் வன்னிக் கரையோர நாயாற்றுக்கு ஒட்டாத பண்டம் என்பவர்கள், காலையில் கடைக்கு எதற்கு ஆளனுப்புகிறார்கள் என்று யோசிக்கட்டும். பாணுக்கு. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. அதற்குத் தாய் லத்தீன். அதே வயிற்றில் பிறந்ததுதான் இத்தாலியரின் ‘பானே’. கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு விலையால் நெஞ்சைப் பிடிக்கவைக்கும் ‘பனினி’க்கு அர்த்தம் ‘சின்னப் பாண்கள்’, அவ்வளவுதான். பேக்கரிப் போறணையும் அவர்களுடைய ‘ஃபோர்னோ’வுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆக, பாணும் அடுப்பும் சொந்தத்துக்குள்ளேயே இருக்கின்றன. வெளியில் தேட வேண்டியது இறைச்சியையும் சீஸையும் மட்டுமே.

சலாமிக்கு எங்கே போவது என்பார்கள். சலாமி என்ற பெயருக்குள்ளேயே உப்பு இருக்கிறது: பன்றியிறைச்சி பழுதாகாமலிருக்க உப்பிட்டுக் காயவைத்த ஏற்பாடு. கரைவலையில் மீன் அதிகம் பட்ட நாளில் நாயாற்றுக் கரையிலும் அதே ஏற்பாடுதான். அதற்குக் கருவாடு என்று பெயர். (பாணுக்குள் கருவாட்டை வைக்கச் சொல்லவில்லை, பொறுங்கள்.) வைக்க வேண்டியது முதல்நாள் மிஞ்சிய ஆட்டிறைச்சிப் பிரட்டல். மிச்சக் கறியா என்று முகம் சுளிப்பவர்கள் சிசிலித் தீவின் பலெர்மோவைப் பார்க்கலாம். ஈழத்தமிழர் நிறையப்பேர் வாழும் நகரம். மலைமேல் இருக்கும் புனித ரொசாலியாவைச் சைவர்களும் போய்க் கும்பிடுகிறார்கள். அந்த ஊர் கொண்டாடும் சாண்ட்விச்சுக்குள் இருப்பது கன்றின் மண்ணீரலும் நுரையீரலும். அவித்து, பன்றிக் கொழுப்பில் பொரித்தவை. அதற்குப் பக்கத்தில் எங்கள் பிரட்டல் ராசா வீட்டுப் பிள்ளை.

சீஸ் வழக்குத்தான் கடினம். வன்னியில் எருமைத் தயிர் உண்டு. நேப்பிள்ஸ் பக்கத்து மொசரெல்லாவும் எருமைப்பால்தான். ஆகவே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது என்று யாரும் துள்ளக் கூடாது. தயிர் புளித்து உறைந்தது. சூடு பட்டால் உருகாது, தண்ணீர் விட்டுத் திரியும். மொசரெல்லாவோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட்டால் உறையவைத்து, சுடுநீரில் பிசைந்து இழுத்தது. நூலாக நீள்வது அதனால்தான். இந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பலெர்மோக்காரர் சீஸ் வைத்த மண்ணீரல் பாணைக் ‘கலியாணம் கட்டினது’ என்றும் வைக்காததைக் ‘கட்டாதது’ என்றும் அழைக்கிறார்கள். கட்டாததை அங்கே யாரும் ஊரைவிட்டுத் தள்ளிவைக்கவில்லை.

வீட்டில் போறணை இல்லையே என்றால், ஒரு தாச்சியும் மணலும் போதும். நாயாற்றில் மணலுக்கா பஞ்சம்? றோஸ் பாணை நெடுக்காகப் பிளந்து, ஒரு பக்கம் ஒட்டியிருக்க விட்டு, உள்ளிருக்கும் பஞ்சைக் கொஞ்சம் கிள்ளியெடுத்துப் பிரட்டலை அடைக்க வேண்டும். பிரட்டல் வறண்டிருக்கட்டும், குழம்பு ஊறினால் அடி களியாகிவிடும். சூடேறிய மணலின்மேல் ஒரு தட்டு, அதில் பாண், மூடியின்மேல் சிரட்டைத் தணல். மேல்நெருப்பை மறந்தால் அடி கருகி, முகம் பவுடர் பூசினது போல நிற்கும். மேற்றோல் நொறுநொறுத்ததும் எடுத்துத் தேசிக்காய் பிழிந்து கொடுத்தால் பலெர்மோக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். உறைப்புக் காணாது என்று பக்கத்து வீட்டார்தான் சம்பல் கேட்பார்.