செம்புக்கு 18, பொன்னுக்கு 3

பெறுநர்: ஜிஎஸ்டி கவுன்சில், புதுதில்லி.
அனுப்புநர்: பழைய வீட்டுக்காரர், தமிழ்நாடு.
பொருள்: வீட்டு வயரிங்கை மாற்றும் ஆசையைக் கைவிட அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

மனுதாரர் என்று இதில் குறிப்பிடப்படுபவர் ஒற்றை ஆள் அல்லர். கும்பகோணத்தில் இருக்கிறார், உறையூரில் இருக்கிறார், திருவல்லிக்கேணிச் சந்திலும் இருக்கிறார். வீடு அப்பா கட்டியது, அல்லது தாத்தா வாங்கியது. அதற்கு வயது 50, 60 இருக்கும். சுவர் திடமாக இருக்கிறது, தேக்கு நிலை திடமாக இருக்கிறது, உத்தரத்துக்கும் குறைவில்லை. சுவரில் ஓடும் கம்பிதான் போய்விட்டது. அதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் நினைக்கிறார். நினைப்பதற்குத் தாங்கள் இன்னும் வரி போடவில்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறார்.

முதலில் இன்னொரு நன்றியும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி நடந்த தங்கள் 56ஆவது கூட்டத்தில் ஏசிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தீர்கள். செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்கக் கடைகளில் பேனர் கட்டினார்கள். மனுதாரரும் ஒன்றரை டன்னில் ஒன்று வாங்கினார். பொருத்த வந்த பையன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் மெயின் போர்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சார், ஏசிக்குத் தனி லைன் இருக்கா?”

இல்லை. தனி லைன் என்றால் மெயினிலிருந்து நேராக வரும் நாலு ஸ்கொயர் செப்பு வயர், அதற்கென்று ஓர் எம்சிபி, ஓர் எர்த் கம்பி. அந்த வயருக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்பும் 18 சதவீதம், பின்பும் 18 சதவீதம். மின்சாரத்தைக் குடிக்கும் பெட்டிக்குச் சலுகை உண்டு. மின்சாரத்தைத் தீப்பிடிக்காமல் அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பிக்குக் கிடையாது. மின்சாரத்துக்கே ஜிஎஸ்டி இல்லை என்பதையும் மனுதாரர் அறிவார். ஆறு இலவசம், வாய்க்காலுக்குத்தான் காசு.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வயருக்கும் சுவிட்சுக்கும் 28 சதவீதம் இருந்தது. அதே நவம்பரில் குவாஹாட்டியில் கூடி 18 ஆக்கினீர்கள். அந்தப் பெரிய மனதை மனுதாரர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தாங்கள்தான் மறந்துவிட்டீர்கள்.

கவுன்சில் உறுப்பினர்கள் பெரும்பாலும் அரசு குடியிருப்புகளில் இருப்பவர்கள் என்பதால், மனுதாரர் வீட்டு மெயின் போர்டை இங்கே கொஞ்சம் திறந்து காட்டுவது உதவியாக இருக்கும். தேக்குப் பலகை. அதன்மேல் வரிசையாகக் கறுப்பு பேக்லைட் சுவிட்சுகள். பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். ஒன்றை உருவினால், பியூஸ் வயர் இருக்க வேண்டிய இடத்தில் செப்பு இழை இரண்டு மூன்று சுற்றிக் கட்டியிருக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிறதே என்று என்றோ ஒருநாள் யாரோ “கொஞ்சம் கனமா போடுப்பா” என்று சொல்லிக் கட்டியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பியூஸே போவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். போவதுதான் பியூஸின் உத்தியோகம் என்பது யார் நினைவிலும் இல்லை.

சுவரில் மரக் கேசிங் பட்டை ஓடுகிறது. மூடியை நெம்பினால் துணி சுற்றிய ரப்பர் வயர். ரப்பர் காய்ந்து இறுகி, விரல் பட்டதும் தூளாக உதிர்கிறது. எழுபதுகளில் சேர்த்த மாடி அறையில் அலுமினியக் கம்பி. செம்பு எட்டாத விலையில் இருந்த காலத்தில் போட்டது. அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. சூடாகி ஆறி, சூடாகி ஆறித் திருகாணிக்கு அடியில் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் ஆக்சைடு படியும், அங்கே மேலும் சூடேறும். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடிய காலத்தில் இது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கீசர், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று வந்த பிறகுதான் போர்டு ‘கிர்’ரென்று பேச ஆரம்பித்தது.

சமையலறையில் மூன்று ஓட்டை ப்ளக் பாயிண்ட் இருக்கிறது. எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே கிடையாது. பிற்பாடு யாரோ அழகுக்காக மாட்டியது. ஷட்டர் உள்ள புது சாக்கெட்டில் இரண்டு பின் சார்ஜரைச் சொருக, பேனா முனையை அந்த மூன்றாவது ஓட்டையில் விட்டு நெம்பும் வித்தை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கினார்.

“சார், இதுல ஒண்ணத் தொட்டா மொத்தமும் உதிரும். தொடுறதா இருந்தா எல்லாத்தையும் தொடணும். இல்லைன்னா கையே வைக்காம விட்ருங்க.”

“எல்லாத்தையும்னா எவ்வளவு ஆகும்?”

எந்த எலெக்ட்ரீஷியனும் இந்தக் கேள்விக்கு உடனே ரூபாயில் பதில் சொல்வதில்லை. பாயிண்டை எண்ணுவார்: லைட் பாயிண்ட், ஃபேன் பாயிண்ட், பவர் பாயிண்ட், டூ-வே. எண்ணி முடித்துச் சொல்லும் தொகையும் கூலி மட்டும்தான். வயர் தனி, பைப் தனி, சுவிட்ச் தனி, எம்சிபி பெட்டி தனி, எர்த் குழி தனி. பழைய வீட்டில் இதோடு நிற்காது. புது வீட்டில் பூசுவதற்கு முன்பே பைப்பைப் பதித்துவிடுவார்கள். இங்கே பூசி முடித்து அரை நூற்றாண்டு ஆன சுண்ணாம்புக் காரையைக் கட்டரால் அறுத்துக் காடி எடுக்க வேண்டும். ஓர் அங்குலம் வெட்டினால் ஒரு சாண் பெயர்ந்து விழும். வயரிங்காரர் போனதும் கொத்தனார் வருவார், கொத்தனார் போனதும் பட்டி பார்க்க பெயின்டர் வருவார். பெயின்டர் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் மற்ற மூன்று சுவரும் பல்லைக் காட்டும். ஆகவே வீடு முழுக்கப் பெயின்ட். பெயின்டுக்கும் 18 சதவீதம்தான், கவுன்சில் கவலைப்பட வேண்டாம்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மின்பொருள்களுக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி 18,000. அதே ஒரு லட்சத்துக்கு மனுதாரர் மனைவிக்குச் சங்கிலி வாங்கியிருந்தால் வரி 3 சதவீதம், 3,000 ரூபாய். அந்தச் சங்கிலியைப் பூட்டி வைக்க வேண்டிய பீரோவுக்குப் பின்னால்தான் உதிர்ந்த ரப்பர் வயர் ஓடுகிறது என்பது வரி விதிப்புக்குச் சம்பந்தமில்லாத விவரம். அரிக்கேன் விளக்குக்கு 5 சதவீதம் என்று அட்டவணையில் பார்த்தபோது கவுன்சிலின் நோக்கம் மனுதாரருக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது.

அதே 56ஆவது கூட்டத்தில் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு வரியே வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள். செய்தித்தாளில் இதைப் படித்த மனுதாரரின் மனைவி, “ஏங்க, கம்பிய மாத்துறதவிட உங்க பேர்ல பாலிசி எடுக்குறதுதான் லாபம்போல இருக்கே?” என்று கேட்டார். மனுதாரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த 18,000 ரூபாய் பெரிய தொகையா என்று கவுன்சில் கேட்கலாம். நல்ல கேள்வி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்று, எம்சிபிகளோடு பெட்டி ஒன்று, கரியும் உப்பும் போட்டுப் புதிதாக ஓர் எர்த் குழி – ஏறக்குறைய இவ்வளவும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். பட்ஜெட் இடிக்கும்போது வீட்டுக்காரர் எதை வெட்டுகிறார்? சுவிட்சை வெட்ட மாட்டார், அது வந்தவர்கள் கண்ணில் படும். “எர்த் அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார். மாடுலர் சுவிட்ச் பளபளக்கும் எத்தனையோ வீடுகளில் அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் எர்த்தும் கசிவுப் பாதுகாப்பும் வேண்டும் என்று சொல்வது வேறு யாருமில்லை, அரசுதான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. வயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று 2003ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. அத்தனையும் வீட்டுக்குள் நடந்தவை அல்ல. வயல், மின்கம்பம், கட்டட வேலை எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை. இருந்தாலும், ஒரு கை ‘மாற்று, மாற்று’ என்று விரட்டும்போது இன்னொரு கை கல்லாவில் உட்கார்ந்திருப்பது மனுதாரர் கண்ணில் படத்தான் செய்கிறது.

எலெக்ட்ரிகல் கடையில் நடப்பதையும் சொல்லிவிடலாம். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு மென்மையாகக் கேட்பார்: “பில் போடவா, வேணாமா?” தொழிற்சாலைக்காரருக்கு இந்தக் கேள்வி சங்கடம் தராது. பழுதுபார்ப்புச் செலவாகக் கணக்கெழுதி, கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள அவருக்கு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் வரிச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அவருக்குப் பின்னால் கைமாற்றிவிட ஆளில்லை. ‘வேணாம்’ என்கிறார். பில் இல்லாமல் வரும் சுருளில் 90 மீட்டர் என்று அச்சடித்திருக்கும், 90 மீட்டர் இருக்குமா என்பது சுருளுக்கே வெளிச்சம். செம்பு சொன்ன கனத்தில் இருக்குமா, மேலே உள்ள பிவிசி தீயைத் தாங்குமா என்று கேட்க ரசீது இல்லை. அரசுக்கு வரியும் போச்சு, வீட்டுக்குப் பாதுகாப்பும் போச்சு.

கவுன்சிலின் தலைவர் மத்திய நிதியமைச்சரே என்பதால், வருமான வரிப் பக்கத்திலும் ஒரு விஷயம். இதே வீட்டை மனுதாரர் வாடகைக்கு விட்டால், உள்ளாட்சி வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம், ரசீதும் யாரும் கேட்பதில்லை. அவரே குடியிருந்து, கடன் வாங்கி வயரிங்கை மாற்றினால்? பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வட்டிக்குக் கழிவு உண்டு, புதிய வரிமுறையில் அதுவும் இல்லை. ஆக, வீட்டைப் பழுது பார்க்காதவருக்குச் சலுகை நிச்சயம். பார்ப்பவருக்கு நிலைமையைப் பொறுத்து.

கூரைக்கு மேலே மட்டும் நிலைமை அமோகம். சோலார் தகட்டுக்கு 5 சதவீதம்தான் வரி. 3 கிலோவாட் போட்டால் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். மாடியில் இருபத்தோராம் நூற்றாண்டின் மின்சாரம் தயாராகி, கீழே மரப்பட்டைக்குள் ஓடும் துணி வயர் வழியாக ஹாலுக்கு வந்து சேரும்.

ஆகவே மனுதாரர் பணிவுடன் கேட்பது: இரண்டரை ஸ்கொயர், நாலு ஸ்கொயர் செப்பு வயரை நகை என்று வகைப்படுத்தி 3 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தில் போட்டுக்கொள்ள முடியுமா என்று அதிகாரிகள் கேட்டால், போட்டுக் காட்ட மனுதாரர் தயார். அது முடியாது என்றால், பழைய வீட்டு ரீவயரிங்குக்கு மட்டும் தனி விகிதம் காணலாம். அப்படிப் பிரிக்கும் நுட்பம் கவுன்சிலுக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடி, உப்புப் போட்ட பாப்கார்னுக்கு ஒன்று, பாக்கெட்டில் அடைத்ததற்கு ஒன்று, சர்க்கரைப் பாகு தோய்த்ததற்கு ஒன்று என்று மூன்று விகிதங்களை விளக்கியவர்கள் தாங்கள்.

எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு எடை மத்திய அரசின் கையில், மிச்சம் மாநிலங்களிடம் என்பது மனுதாரருக்குத் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் கை காட்ட நேரம் பிடிக்கும். அதுவரை ஏசியை அட்டைப்பெட்டியோடு மூலையில் வைத்திருக்கிறார். அதன்மேல் டேபிள் ஃபேன் ஓடுகிறது.

இப்படிக்கு,
பழைய வீட்டுக்காரர்

இணைப்பு: 1. பில்லோடு எஸ்டிமேட். 2. பில் இல்லாத எஸ்டிமேட் (சிகரெட் அட்டையின் பின்புறம்).

நகல்: 1. மத்திய நிதி அமைச்சகம் – நடவடிக்கைக்காக. 2. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை – இப்போதைக்குத் தகவலுக்காக மட்டும்.